வினிகரோடு எதைச் சேர்க்கக் கூடாது

தம்பி, திருநின்றவூரில் நீயும் உன் மனைவியும் வாடகைக்குப் பிடித்திருக்கும் வீட்டைப் போன ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தேன். இரண்டு அறை, துணி காயப்போட ஒரு பால்கனி, ஸ்டேஷன் நடக்கிற தூரம். அவள் சென்னைக்கு ரயிலேறவும் நீ எதிர்ப்பக்கம் திருவள்ளூருக்கு ரயிலேறவும் தோதான இடம். எல்லாம் சரி. குளியலறை ஷவரைத் திறந்தேன். நான்கைந்து நூலாகத் தண்ணீர் வந்தது, மற்ற துளைகளை உப்பு அடைத்திருந்தது. "வினிகர் ஊத்தி வெச்சா பூடும்மா" என்று உன் மனைவியிடம் சொல்ல வாயெடுத்தவள், அப்படியே மூடிக்கொண்டேன். அவளிடம் ஏன் சொல்ல வேண்டும்? அவளும் உன்னைப் போலத்தான் காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஷவர் அடைத்திருப்பது அவளுக்கு மட்டும் தெரிய வேண்டும், உனக்குத் தெரிய வேண்டாம் என்று யார் எழுதி வைத்தது? அதனால் உனக்கு எழுதுகிறேன். குழாய் தேய்ப்பதும் கக்கூஸ் கழுவுவதும் உன் வேலை, குறைந்தது பாதியாவது. வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினைந்து வருஷம் அடுத்தவன் கக்கூஸைக் கழுவித்தான் உன் அம்மா நான் உன்னை டிப்ளமோ வரை படிக்க வைத்தேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வருகிற திங்கட்கிழமை காக்களூரில் அந்த முலாம் பூசும் கம்பெனியில் நீ சூப்பர்வைசராகச் சேரப் போகிறாய். ஆசிட் தொட்டி இருக்கிற செக்ஷன். உன் அப்பா கும்மிடிப்பூண்டியில் பதினான்கு வருஷம் நின்றாரே, அதே மாதிரித் தொட்டி. நீ அதன் பக்கத்தில் போய் நிற்பதற்குள் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது. முகத்தைப் பார்த்துச் சொல்ல இரண்டு முறை முயன்றேன், வரவில்லை. வினிகரில் தொடங்கினால் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். இதை உன் மனைவியும் படிக்கட்டும். உன்கீழ் வேலை செய்யப் போகிறவர்களுக்கும் காட்டு. ஒளிக்க இனிமேல் என்னிடம் எதுவும் இல்லை.

வினிகரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸில். உனக்கு அப்போது ஐந்து வயது. பக்கத்து போர்ஷன் அற்புதம் அக்காதான் என்னை அங்கே ஹவுஸ்கீப்பிங்கில் சேர்த்துவிட்டாள். மும்பையிலிருந்து வருகிற பெரிய ஆட்கள் தங்கும் குளியலறை. குழாயெல்லாம் வெள்ளி மாதிரி மின்ன வேண்டும், ஆனால் வருவதென்னவோ நமக்கு வருகிற அதே போர்த் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஏன் இப்படி ஆனதென்று நமக்கு யாரும் சொன்னதில்லை. கடல் பக்கம் என்கிறான் ஒருவன், கம்பெனிக்காரன் உறிஞ்சிவிட்டான் என்கிறான் இன்னொருவன். வாளி விளிம்பில் கட்டுகிற வெள்ளை மட்டும் எதையும் மறைப்பதில்லை. நான் அந்தக் குழாயைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அற்புதம் அக்கா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாடி, பாத்ரூம்ல மீனு செதில் எடுத்துனுகிற? கத்திய கீழ போடு. இத்த நனைச்சி சுத்து, ரப்பர் பேண்டு போடு, போய் டீ குடிச்சிட்டு வா." ஒரு பழைய துணியை வினிகரில் முக்கிக் குழாயின் வாயைச் சுற்றிக் கட்டினாள். டீ குடித்துவிட்டு வந்து துணியை அவிழ்த்தேன். நான் அரை மணி நேரம் சுரண்டியும் அசையாத உப்பு, ஈரச் சாக்பீஸ் மாதிரி துணியோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த குழாயில் என் முகம் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னா, மூஞ்சி தெரியுதா?" "தெரியுதுக்கா." "இன்னும் கொஞ்சம் தொட. செவப்பா தெரிவ."

அவள் கேலி செய்தாள், எனக்கோ சிரிக்கத் தோன்றவில்லை. அந்த ஆச்சரியம் இன்றுவரை எனக்குத் தீரவில்லை, தம்பி. மளிகைக் கடையில் கீழ்த்தட்டில் தூசு படிந்து நிற்கிற பாட்டில். பார்த்தால் தண்ணீர். மோந்தால் மட்டும் மூக்கில் சுள்ளென்று ஏறும். அதில் நனைத்த துணி சத்தமில்லாமல் ஒரு கல்லைக் கரைத்துவிடுகிறது. உன் ஷவருக்கும் அதுதான் வைத்தியம். பிளாஸ்டிக் கவரில் வினிகரை ஊற்றி, ஷவர் தலை அதில் முங்கும்படி கட்டித் தொங்கவிட்டு வேலைக்குப் போ. திரும்பி வந்து ஒரு பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் எல்லாத் துளையும் திறந்துவிடும். தண்ணீர் காய்ச்சுகிற கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். பாதி வினிகர், பாதி தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து அப்படியே ஆறவிடு, பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீரைக் காய்ச்சிக் கொட்டிவிடு. மீன் நறுக்கிய பலகையில் கொஞ்சம் தடவிக் கழுவினால் கவிச்சி போகும். எறும்பு வரிசையாக வந்தால் அது வருகிற வழியைத் துணியால் துடைத்துவிடு, கொஞ்ச நேரம் வழி தெரியாமல் திண்டாடும். யூனிபாரத்தில் வேர்வை நாற்றம் தங்கினால் கடைசி அலசலில் அரை டம்ளர். துருப்பிடித்த தாழ்ப்பாளைக் கழற்றி ஒருநாள் முழுக்க ஊறப்போட்டால் துரு கையோடு வரும். வெங்காயத்தை வட்டமாக நறுக்கி உப்பு போட்டு ஊறவைத்தால் பழைய சோறுகூட ஹோட்டல் சாப்பாடு மாதிரி இறங்கும். ஆனால் மொசைக் தரையில் ஊற்றாதே, மார்பிளிலும் வேண்டாம். கரைக்கிற சாமான் எது உப்பு, எது தரை என்று பார்க்காது. நம் வீட்டுக்காரரின் மொசைக்கில் கதவோரம் மங்கிப்போன வட்டம் ஒன்று இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அது நான் செய்தது. "போன குடித்தனக்காரங்க வெச்சிட்டுப் போனதுங்க" என்று அவரிடம் வாய் கூசாமல் சொன்னேன்.

நீ ஏழாவது படிக்கும்போது சயின்ஸ் மிஸ் சொன்னார் என்று ஒரு முட்டையை வினிகரில் போட்டு வைத்தாய். முட்டை முழுக்கக் குமிழ் குமிழாகப் பூத்தது. இரண்டு நாள் கழித்து எடுத்துக் கழுவினால் ஓடே இல்லை. மெல்லிய தோலோடு ஒரு பந்து. நீ அதை வெயிலில் தூக்கிப் பிடித்தாய், உள்ளே மஞ்சள் கரு அசைவது நிழலாகத் தெரிந்தது. மூன்று பேரும் வாசலில் நின்று வாயைப் பிளந்தோம். "ஓடு எங்கப்பா போச்சி?" என்று கேட்டாய். உன் அப்பா முட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்க கம்பிக்கு பண்றத இது முட்டைக்கு பண்ணிகிது. அங்க தொட்டில ஆசிட் ஊத்தி துருப்புடிச்ச கம்பிய முக்குவோம். பிக்ளிங்குன்னு பேரு. கம்பிக்கு ஊறுகா போடறதுடா." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அவர் பிறகு சொன்னதை நீ கவனித்தாயோ என்னவோ. "ரெண்டும் ஒரே வேலதான். இது ரெண்டு நாள் காத்துக்கினு இருக்குது. அதுக்கு அவசரம், பத்து நிமிஷத்துல முடிக்கணும். அதான் பொகையுது." எட்டாவதுக்கு மேல் படிக்காத மனிதர். ஒரு முட்டையைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனியையே சொல்லிவிட்டார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ அங்கேதான் இருந்தாய், ஆனாலும் உனக்குத் தெரிந்தது பாதி. நம் லைன் வீட்டில் மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே குளியலறை. தகரக் கூரை, தகரக் கதவு, ஜன்னல் என்று ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை. வாரம் ஒருவர் முறை வைத்துக் கழுவுவோம். அன்று என் முறை. மழை விட்ட வாரம், பஞ்சாயத்தில் வீட்டுக்கு வீடு பிளீச்சிங் பவுடர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். தரை முழுக்க உப்புக் கறை. நான் ஒரு பாட்டில் வினிகரையும் ஊற்றினேன். அது ஒருபக்கம் கரைக்கட்டும், இது ஒருபக்கம் வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் அள்ளிக் கொட்டினேன். இரண்டும் நல்ல சாமான், சேர்ந்தால் இன்னும் நல்லது என்று கணக்குப் போட்டேன். நன்றாக ஊறட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுத் தெருமுனையில் குடிதண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு போய்விட்டேன். பிளீச்சிங் பவுடரோடு வினிகர் சேர்ந்தால் விஷக் காற்று கிளம்பும், தம்பி. அதுவரை பத்து வருஷம் வினிகரும் பிளீச்சிங் பவுடரும் புழங்குகிற வேலையில் ஒரு ஆள் அதை எனக்குச் சொல்லித் தந்ததில்லை. எந்த ரூமுக்குள் செருப்புப் போடக் கூடாது, எந்த சாரைப் பார்த்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் தந்தார்கள்.

உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தவர் நேராகத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போயிருக்கிறார். நீ வீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், பத்தாவது. முதலில் கத்தியது அற்புதம் அக்கா. "யாருடா உள்ள? நாத்தம் கொடல புடுங்குது, வெளிய வாங்க!" நீ ஓடிப்போய்த் தகரத்தைத் தட்டியதற்கு உள்ளே இருந்து அவர் நிதானமாகப் பதில் சொன்னாராம்: "இருடா, சோப்பு போட்டுனுகிறேன்." அப்புறம் இருமல். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவை உதைத்தாய். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. சோப்பு நுரையோடு அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தாய். "இன்னாடா பேஜாரு பண்ற, குளிக்க வுட மாட்டியா?" என்று திட்டிக்கொண்டே வந்தவர், முற்றத்தில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. நான் குடத்தோடு வரும்போது அவர் உதடு நீலமாக இருந்தது. பதினைந்து வயதுப் பையன் நீ, அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஆட்டோவை நிறுத்திவிட்டு அவரைத் தூக்கினாய். அன்று உன்னைப் பார்த்து எனக்குள் எழுந்ததை என்னவென்று சொல்வது? நான் பெற்றதுதானா இது என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவருக்குப் பேச வந்தது. நான் அழுதுகொண்டே கேட்டேன்: "கதவ தொறந்ததுமே தெரிஞ்சிருக்குமே, ஏன்யா உள்ள போன? போனவரு ஓடியாந்திருக்கலாம்ல?" அவர் மாஸ்க்கை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "கண்ணு எரிஞ்சிது. தொண்ட கமறிச்சி. டெய்லியும் இருக்கறதுதானேன்னு குளிச்சிக்கினு இருந்தேன்."

அந்த வாக்கியத்தை மட்டும் நீ மறக்கக் கூடாது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய இடத்தில் ஒரு மனிதர் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது புதிதாக இல்லை. அவர் வேலை செய்த இடம் அப்படி.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆனதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கண்ணை மூடச் சொல்லி, வினிகர் பாட்டிலைத் திறந்து அவர் மூக்கின் கீழ் வைத்தேன். "இது இன்னா, சொல்லு." அவர் இழுத்துப் பார்த்தார். "தண்ணியா?" என்றார். மண்ணெண்ணெய் வைத்தேன். அதற்கும் தண்ணியா என்றார். மல்லிப்பூ வைத்தேன். அவர் கண்ணைத் திறந்துவிட்டார். "ரொம்ப நாளாவே இல்ல. சொன்னா நீ பயப்படுவன்னு வுட்டுட்டேன்." அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. நான் எத்தனையோ முறை கருகவிட்ட குழம்பை அவர் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார். இந்த மாதிரிப் புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று குழாயடியில் பெருமை பேசியிருக்கிறேன். அந்த மூக்கை யார் எடுத்தது? நான் ஒருநாள் கலந்தது இல்லை அது. பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, முட்டை ஓடு மாதிரி, தொட்டிப் புகையில் கரைந்திருக்கிறது.

இனி நான் சொல்லாததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் அவர் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தான். சூப்பர்வைசர். சின்ன வயசு, இப்போது உனக்கிருக்கிற வயசுதான் இருக்கும். மரியாதையான பையன். "அக்கா, சாப்டீங்களா?" என்று டீயும் பன்னும் வாங்கி வந்தான். நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டான், "நல்லா படிக்க வைங்கக்கா" என்றான். நான்கு நாளாக யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை, அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். பிறகு ஒரு தாளை நீட்டினான். "ஆஸ்பத்திரி பில்ல கம்பெனி பாத்துக்கும்க்கா. எப்டி ஆச்சின்னு எழுதிக் குடுத்தா போதும், ஒரு பார்மாலிட்டி." தாளில் எல்லாம் ஏற்கெனவே எழுதியிருந்தது. வீட்டில் மனைவி வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்ததால் இந்த விபத்து நடந்தது. அது முதல் வரி. இதற்கும், இவருக்கு இதற்கு முன்போ பின்போ வரும் மூச்சுத் தொந்தரவுக்கும் கம்பெனி வேலைக்கும் சம்பந்தம் இல்லை. அது இரண்டாவது வரி. நான் படிக்காமல் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, எனக்குப் படிக்கத் தெரியும். படித்தேன். முதல் வரி உண்மை. நான்தான் கலந்தேன். அந்தக் குற்றத்தில் நான் கூனிப்போயிருந்தேன், உண்மையை எழுதியிருக்கிறது, போடு என்று மனசு சொன்னது. இரண்டாவது வரியை அந்த உண்மையின் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று அப்போது உறைக்கவில்லை. போட்டேன்.

மூக்கு போனது தெரிந்தபின் நானும் அப்பாவும் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் கம்பெனிக்கு எழுதினார். பதிலாக இரண்டு நகல் வந்தது. ஒன்று என் கையெழுத்து. இன்னொன்று மாஸ்க் ரிஜிஸ்டர். சம்பளத்தன்று சம்பளத் தாளோடு அந்த நோட்டையும் நீட்டுவார்களாம், "முகமூடி பெற்றுக்கொண்டேன்" என்று மாதாமாதம் எல்லோரும் போட வேண்டும். பக்கம் பக்கமாக உன் அப்பாவின் கையெழுத்து. "எத்தினி மாஸ்க்கு குடுத்தாங்க?" என்று வக்கீல் கேட்டார். "வந்த புதுசுல ஒண்ணு. அப்புறம் கேட்டா அடுத்த மாசம் வரும்பான். வரிசைல நிக்கிறாங்க எல்லாரும், நான் மட்டும் போட மாட்டேன்னா எப்டி சார்?" வக்கீல் இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கட்டி எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஏம்மா அப்பா கேஸ் போடல?" என்று நீ பிளஸ் டூ படிக்கும்போது கேட்டாய். "பில்லு கட்னாங்கடா, நல்லவங்க" என்றேன். அது பொய். கேஸைக் கொன்றது என் கை.

உன் அப்பா இன்று ஒரு குடோன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். உன் வீட்டுக்கு இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றார், நீயும் பார்த்தாய். இத்தனை வருஷத்தில் ஒரு நாள், கோபத்தில்கூட, "உன்னாலதான்" என்று அவர் சொன்னதில்லை. நானாகக் கேட்டேன் ஒருமுறை. அவர் சொன்னது இதுதான்: "நீ ஒரு தபா கலந்த. தெரியாம. அவன் டெய்லியும் கலந்தான். தெரிஞ்சி." இப்படிப்பட்ட ஒரு ஆளோடு இருபத்து நாலு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

காக்களூருக்குப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை யார் கட்டுவது, வேறு எந்தக் கம்பெனி உன்னைக் கூப்பிட்டது என்று நீ கேட்டால் அது நியாயம்தான். போ. ஆனால் நீ போவது தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை. அந்த நோட்டு இனி உன் கையில் இருக்கும். மாஸ்க்கைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கு. மாஸ்க் வரவில்லையா, அந்தப் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். மேலே இருப்பவன் கத்துவான், கத்தட்டும். கண் எரிகிறது என்று ஒரு ஆள் வந்து சொன்னால் "பழகிடும்" என்று சொல்லாதே. எதுவும் சொல்லாமல் நிற்கிறானே, அவனிடம் நீயாகப் போய்க் கேள். பழகிவிட்டவனுக்குத்தான் ஆபத்து.

எவ்வளவு பார்த்து நடந்தாலும் ஒருநாள் யாராவது விழுவான். அன்று உன்னைத்தான் கூப்பிடுவார்கள். நீ இனிமையாகப் பேசுகிறவன், ஏழை வீட்டுப் பிள்ளை, உன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். அதற்காகவே உன்னை அனுப்புவார்கள். பன் வாங்கக் காசு கொடுப்பார்கள். எழுதி முடித்த ஒரு தாளைக் கொடுத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், போய்க் கையெழுத்து வாங்கி வா என்பார்கள். முதல் வரி உண்மையாகவே இருக்கும்.

வாங்கப் போகாதே, தம்பி.